கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரிந்தது?

நான் என்ன வேலை பார்த்தேன் என்று எங்கள் அஸ்தினாபுரம் தெருவில் யாருக்கும் சரியாகத் தெரியாது. "கம்ப்யூட்டர் ஆபீஸ்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். அதற்கு மேல் கேட்டால் கூச்சமாக இருக்கும். காலையில் டிபன் பாக்ஸோடு கிளம்பிப் போய், பகல் முழுக்கப் பசிபிக் கடலில் ஜப்பான் கப்பற்படையோடு சண்டை போட்டுவிட்டு, மாலையில் கீரை வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறேன் என்று ஒரு பெண் எப்படிச் சொல்வாள்?

மணிக்கட்டு வலி பொறுக்க முடியாமல் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருக்கிறேன். போன மாதம் தேசிங்கு போன் செய்தான். என் பக்கத்து மேசையில் உட்கார்ந்து என்னைப் போலவே ஆட்டங்களைச் சோதித்தவன். கொட்டிவாக்கத்துக் கடலோரக் குடும்பம். இப்போது ஒரு பெரிய கம்பெனியில் சோதனைப் பிரிவையே கவனித்துக்கொள்கிறான். "இன்னாக்கா, சௌக்கியமா? இங்க இப்போ கம்ப்யூட்டரே கம்ப்யூட்டரோட ஆடிக்கினு கீது. நாம கையால ஆடிப் பாத்தோம்னு சொன்னா இந்தப் பசங்க நம்ப மாட்டேங்குது. ஆபீஸ் பத்திரிகை ஒண்ணு போடுறோம், நீ எழுதிக் குடு" என்றான். எனக்கு எழுதிப் பழக்கமில்லை என்றேன். "அத்தினி வருஷம் ரிப்போர்ட்டு எழுதினியே, அது இன்னா?" என்று கேட்டான். அதனால் எழுதுகிறேன்.

பிளஸ் டூ முடித்து, டைப்பிங் பாஸ் செய்து, குரோம்பேட்டையில் ஒரு மாடியில் டேட்டா என்ட்ரி வேலையில் இருந்தேன். அதை மூடினார்கள். அதே கட்டடத்தின் மேல் மாடிக்கு விளையாட்டு எழுதும் சிறிய கம்பெனி ஒன்று வந்தது. நீண்ட நேரம் அசையாமல் உட்காரக்கூடிய ஆட்கள் வேண்டும் என்று கீழே வந்து கேட்டார்கள். அந்தத் தகுதி எனக்கு இருந்தது. நான் பயிற்சி பெற்ற கதை அவ்வளவுதான்.

ஒரு வெளிநாட்டுக் கம்பெனி, இரண்டாம் உலகப் போரில் பசிபிக் கடலில் நடந்த சண்டையை விளையாட்டாகச் செய்துகொண்டிருந்தது. படம், ஒலி எல்லாம் அவர்கள் பொறுப்பு. எதிராளியாக இருந்து கம்ப்யூட்டர் எப்படி ஆட வேண்டும் என்பதை மட்டும் எங்களிடம் கொடுத்திருந்தார்கள்.

ஆட்டத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். திரை முழுக்கக் கடலின் வரைபடம். அதன் மேல் தேன்கூடு மாதிரிக் கட்டங்கள். நான் என் கப்பல்களை ஒரு முறை நகர்த்தினால் ஒரு நாள் கணக்கு. கம்ப்யூட்டரும் தன்னுடையதை நகர்த்தும். பெரும்பாலும் நான் அமெரிக்கா, அது ஜப்பான். ஒருவர் கப்பல் மற்றவருக்குத் தெரியாது. வேவு விமானமோ நீர்மூழ்கியோ அருகில் போய்ப் பார்த்தால்தான் திரையில் வரும். மற்ற இடமெல்லாம் சாம்பல் நிறத்தில் மூடியிருக்கும். அதை மூட்டம் என்போம்.

ஆரம்பத்தில் அந்த ஜப்பான் பண்ணிய கூத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். தென்னை மரம்கூட இல்லாத ஒரு பவளத் திட்டில் நான் பீரங்கி வைத்திருப்பேன். அதைப் பிடிக்க நாளுக்கு ஒரு போர்க்கப்பலாக அனுப்பும். ஒன்று மூழ்கினால் மறுநாள் இன்னொன்று. எல்லாத் தீவுக்கும் ஒரே மதிப்பு என்று அதற்குள் எழுதியிருந்ததால் வந்த வினை. இன்னொரு முறை, படையெடுக்க வரும்போது காவல் கப்பல்கள் வேகமாகப் போய்ச் சேர்ந்து, அங்கே யாருமில்லை என்று ஊர் திரும்பிவிட்டன. சிப்பாய்களை ஏற்றிய கப்பல்கள் பின்னால் தனியாக ஆடி அசைந்து வந்து என்னிடம் மாட்டின. கல்யாண ஊர்வலத்தில் மேளக்காரர்கள் முன்னாலேயே மண்டபத்துக்குப் போய்ப் பந்தியில் உட்கார்ந்துவிட்ட மாதிரி.

பெரிய தொல்லை வேறொன்று. ஜப்பானின் பெரிய தளமான ட்ரக் தீவுத் துறைமுகத்திலிருந்து பெரிய படை கிளம்பும். வெளியே வந்ததும் துறைமுகத்தில் காவலில்லை என்று கணக்குப் போட்டுத் திரும்பும். திரும்பியதும் தெற்கே எதிரி இருக்கிறான் என்று மறுபடி கிளம்பும். இப்படியே போகும், வரும். தேசிங்கு அதைப் பார்த்து, "வூட்டைப் பூட்டினமா இல்லியான்னு பாக்கப் போறான்க்கா" என்றான். அன்றிலிருந்து எங்கள் ஆபீசில் அந்தக் குறைக்குப் பெயரே "பூட்டு". பெரிய மீட்டிங்கில்கூட "பூட்டு இன்னும் போகலையா?" என்றுதான் கேட்பார்கள்.

இதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சரி செய்தவர் முரளி. சிட்லபாக்கத்தில் வீடு. முப்பது வயது இருக்கும். எதிராளியாக ஆடும் கம்ப்யூட்டரின் மூளை முழுக்க அவர் ஒருவரே எழுதியது. மற்ற ஆட்டங்களில் கம்ப்யூட்டர் மூட்டத்துக்குள் ரகசியமாக எட்டிப் பார்க்கும், அல்லது கேட்காமல் கூடுதல் கப்பல் எடுத்துக்கொள்ளும். அது சுலபமான வழி என்று முரளி சொல்வார். எங்களுடையது அப்படி இருக்கக் கூடாது என்பது ஒப்பந்தம். நமக்கு என்ன தெரியுமோ அதுதான் அதற்கும் தெரிய வேண்டும். இந்த எதிரி ஏமாற்றாது என்று ஆட்டத்தின் பெட்டி மேலேயே அச்சடிக்கப் போகிறார்கள் என்றும், ஆட்டம் முடிந்ததும் பெயர்கள் ஓடும் இடத்தில் முரளியின் பெயர் வரும் என்றும் பேச்சு இருந்தது.

எங்களுக்கு மேலே ரங்கராஜன் சார். முன்பு ஏதோ தொழிற்சாலையில் சரக்கின் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தவர். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது குறைவு. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நம் இடது தோளுக்குப் பின்னால் வந்து நிற்பார். வந்ததும் இரண்டே கேள்வி. "நீங்க என்ன பண்ணீங்க? அது என்ன பண்ணுச்சு?" இதற்கு மேல் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொன்னால் கண்ணை மூடிக்கொள்வார். ஒரே நாளை மூன்று முறை திரும்ப ஆடி, மூன்று முறையும் அப்படியே நடந்தால்தான் எழுத வேண்டும். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும்தான் மாற்ற வேண்டும்.

நானும் தேசிங்கும் தமிழில் எழுதிக் கொடுப்போம். சார் அதை இங்கிலீஷில் மாற்றி வெளிநாட்டுக்கு அனுப்புவார். கொடுத்தது திரும்பி வரும்போது பென்சில் வட்டம் நிறைய இருக்கும். நினைத்தது, கோபப்பட்டது, பயந்தது எல்லாம் ஆகாது. தேசிங்கு எழுதும் "அவன்" எல்லாவற்றுக்கும் வட்டம். ஒரு முறை நான் "எதிரி பயந்து திரும்பியது" என்று எழுதிவிட்டேன். "பயந்ததைப் பார்த்தீங்களா? திரும்பினதைத்தானே பார்த்தீங்க. அதை எழுதுங்க" என்றார். திட்டுகிற குரல் இல்லை. எடை போடுகிறவர் கல்லை எடுத்து வைக்கிற மாதிரி சொல்வார். அதனால்தான் இன்னும் பயமாக இருக்கும்.

இப்படி வார்த்தைக்கு வார்த்தை நிறுத்துப் பார்த்த இடத்தில்தான் அந்தச் சிக்கல் வந்தது.

மழைக்காலம். ஆட்டத்தைக் கடைக்கு அனுப்பும் நாள் நெருங்கிவிட்டது. நான் சாலமன் தீவுகளுக்குக் கிழக்கே, யாரும் வராத வெறும் கடலில், என் விமானம் தாங்கிக் கப்பல்களை ஒளித்து வைத்துக் காத்திருந்தேன். அங்கே என்னிடம் இருந்த தீவை ஜப்பான் படை தாக்க வரும்போது பக்கவாட்டில் பாய்வது திட்டம். அதன் வேவு விமானம் ஒன்றுகூட என் மேல் பறக்கவில்லை. ஆனாலும் ட்ரக்கிலிருந்து கிளம்பிய படை தீவுப் பக்கமே போகாமல் நேராக என்னை நோக்கி வந்தது. திரும்ப ஆடினேன். மறுபடியும் அதேதான். மூன்றாவது முறையும் வந்ததும் வழக்கம்போல எழுதிக் கொடுத்தேன். மறைந்திருக்கும் கப்பல்கள் அதற்குத் தெரிகின்றன. அவ்வளவுதான் எழுதினேன். வட்டம் எதுவும் வரவில்லை.

சில நாள் கழித்துச் சார் எல்லோரையும் கூப்பிட்டு, வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து வந்ததைத் தமிழில் சொன்னார். எதிரி மூட்டத்துக்குள் பார்க்கிறது என்று உங்கள் ஆளே ரிப்போர்ட்டில் சொல்லியிருக்கிறார், எதிரியின் மூளையை எழுதியவர் சுலப வழியில் போய் எங்களை ஏமாற்றிவிட்டார், எங்கள் ஆள் நேரில் வருகிறார், உண்மை என்றால் அந்த மூளையை எழுதியவரை அன்றைக்கே விலக்க வேண்டும், விலக்காவிட்டால் வேலையைத் திரும்ப எடுத்துக்கொள்வோம். எங்கள் முதலாளி அதற்குச் சம்மதித்துப் பதில் போட்டுவிட்டார் என்பதையும் சார் சொன்னார்.

முரளி என் மேசைக்கு வந்தார்.

"அக்கா, அது பாக்குதுன்னு நீங்க எழுதினீங்களா?"

கூச்சம் உள்ளவர்களுக்குத்தான் இந்தக் கஷ்டம் புரியும். பதில் தயாராக இருந்தாலும் வாய் வரை வராது.

"நான் அப்படி எழுதவே இல்லக்கா. வேவு விமானத்தை விட்டா அதுக்கு வேற கண்ணே கிடையாது." குரலை உயர்த்தவில்லை. போய்விட்டார். அதற்குப் பிறகு எங்களோடு சாப்பிட வருவதை நிறுத்திக்கொண்டார்.

அந்தத் தொழில் சின்ன வட்டம். குரோம்பேட்டையில் திருட்டு ஆட்டம் எழுதியவன் என்று பெயர் வந்தால் திருவான்மியூரில் வேலை கிடைக்காது. அது எங்கள் எல்லோருக்கும் புரிந்திருந்தது. தேசிங்குகூட இரண்டு நாள் கிண்டலை நிறுத்தி வைத்திருந்தான்.

ஒரு மதியம் சார் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். நான் செய்ததைச் சொன்னேன். அது செய்ததைச் சொன்னேன். கிளம்பிப் போகாமல் அங்கேயே நின்றார். பிறகு கேட்டார்.

"தெரியுதுன்னு எழுதியிருந்தீங்க. கண்ணுக்குத் தெரியுதா, மனசுக்குத் தெரியுதா?"

"எனக்குத் தெரியல சார்" என்றேன்.

தேசிங்கு கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். சார் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் பாக்குதுன்னு அனுப்பிட்டேன். இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் தனித்தனி வார்த்தை இருக்கு. நான் கண்ணுக்கான வார்த்தையை எடுத்துக்கிட்டேன்" என்றார். நாங்கள் சொல்வதை ஒரு சொல் கூடாமல் குறையாமல் நிறுத்துப் பார்க்கிற மனிதர். அந்தச் சொல்லில் வட்டம் போட அவருக்கும் தோன்றவில்லை, எழுதும்போது எனக்கும் தோன்றவில்லை. தமிழில் அது அவ்வளவு சாதாரணமான சொல்.

ஆனால் சொல்லைக் கண்டுபிடித்ததால் முரளி தப்பிவிடவில்லை. அது பார்க்கவில்லை என்றால், பின் எப்படி அறிந்துகொள்கிறது? அதைக் காட்டியாக வேண்டும். காட்ட முடியாவிட்டால் கண் என்று எழுதியதே சரி என்று ஆகிவிடும்.

சார் முரளியைக் கூட்டி வந்து என் பக்கத்தில் உட்கார வைத்தார். ஒவ்வொன்றாக மாற்றினோம். என் நீர்மூழ்கிகள் ஏதாவது காட்டிக்கொடுக்கின்றனவோ என்று அவற்றை எடுத்துவிட்டோம். வந்தது. என் விமானங்களைப் பறக்கவிடாமல் வைத்தோம். வந்தது. ஒளிந்திருக்கும் இடத்தைத் தெற்கே வெகு தூரம் தள்ளி வைத்தோம். படை கிளம்பியது, பழைய இடத்தை எட்டிக்கூடப் பார்க்காமல் தெற்கே திரும்பி நேராக வந்தது.

ஒரு இடத்துக்கு வந்தால் தற்செயல் எனலாம். நான் எங்கே போனாலும் வந்தால்? முரளி தன் மேசைக்குப் போய் தான் எழுதியதை முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார். பக்கம் பக்கமாகத் திரையில் ஓடியது. சாயங்காலம் நான் கிளம்பும்போது தலையைத் தூக்காமல் சொன்னார். "நானே எங்கயாவது விட்டுட்டேனோ என்னமோக்கா. இவ்ளோ எழுதினதுல எனக்கே சந்தேகமா இருக்கு."

அவர் என் மேல் கோபமாக இருந்தது தேவலை என்று தோன்றியது.

மறுநாள் காலை அந்த வெளிநாட்டுக்காரர் வந்துவிட்டார். ஜி.எஸ்.டி. ரோட்டில் விமான நிலையத்துக்கு எதிரில் தங்கியிருந்தார். எங்கள் கட்டடத்து வாசலில் முழங்கால் அளவுக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர் நின்றது. உயரமான மனிதர். பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு, ஷூவைக் கையில் பிடித்தபடி மாடி ஏறி வந்தார். எல்லோருக்கும் வணக்கம் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை என்று பார்த்ததும் தெரிந்தது. அதனால் பயம் குறையவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டு, ஆடச் சொல்லிக் கையைக் காட்டினார்.

என் வாழ்க்கையில் அவ்வளவு அருகில் ஓர் அந்நியர் உட்கார்ந்து நான் வேலை செய்வதைப் பார்த்ததில்லை. மவுஸ் வியர்வையில் வழுக்கியது. சார் என் இடது தோளுக்குப் பின்னால். முரளி சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முதலாளி கண்ணாடி அறைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

கப்பல்களை ஒளித்தேன். நாள் நாளாக நகர்த்தினேன். ட்ரக்கின் மேல் என் வேவு விமானம் பறந்தது. துறைமுகத்தில் பெரிய படை நின்றது. மறுநாள் துறைமுகம் காலி. அதற்கு மறுநாள் மூட்டத்தில் ஒன்றுமில்லை. பிறகு வடக்கு ஓரத்தில் சிவப்புக் குறி ஒன்று வந்தது. அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் கீழே. நேராக, கோடு போட்ட மாதிரி, என்னை நோக்கி.

வந்தவர் இங்கிலீஷில் சாரிடம் ஒரே வரி சொன்னார். சார் அதைத் தமிழில் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. முரளி கட்டியிருந்த கையை அவிழ்த்துத் தொங்கவிட்டார்.

சார் குனிந்து என்னிடம் மெதுவாகக் கேட்டார். "எவ்வளவோ மாத்தினோம் வசந்தி. எதை மாத்தலை?"

வரைபடத்தைப் பார்த்தேன். பக்கத்தில் அந்த மனிதர் இருந்ததால் தலை வேலை செய்யவில்லை. பதில் பின்னாலிருந்து வந்தது.

"லாரிய மாத்தவே இல்லியே சார்" என்றான் தேசிங்கு. "அக்கா எங்க போனாலும் மொதல்ல லாரிய அனுப்பிட்டுதான் அப்பால போவும்."

லாரி என்று அவன் சொன்னது எண்ணெய்க் கப்பலை. நடுக்கடலில் காத்திருக்கும் படைக்கு எண்ணெய் வேண்டும். தீர்ந்த பிறகு கூப்பிட்டால் நேரமாகும் என்று, படை போகும் இடத்துக்கு எண்ணெய்க் கப்பல்களை முன்னதாகவே அனுப்பிவிடுவது என் பழக்கம். அவை சாவகாசமாக ஜப்பானின் துறைமுகங்களை உரசிக்கொண்டு போகும். வழியில் ஜப்பானின் வேவு விமானம் அவற்றைப் பார்க்கும். பார்த்தால் என்ன, போர்க்கப்பல் இல்லையே என்று நான் கண்டுகொள்வதில்லை. இடத்தை மாற்றியபோதும் அவற்றை முன்னால் அனுப்பிவிட்டுத்தான் மாற்றியிருந்தேன்.

முரளி சுவரை விட்டு வந்தார். "இன்னொரு தடவை சொல்லு தேசிங்கு. என்ன, லாரியா?"

"ஆமா சார். எண்ணெ லாரி."

முரளி தலையில் கை வைத்துக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று புரியவில்லை. பிறகு அவர் சொன்னது இது: ஏரி வறண்டு குழாயில் காற்று மட்டும் வந்த வருஷங்களில், தண்ணீர் லாரி எப்போது வரும் என்று சிட்லபாக்கத்தில் யாருக்கும் சொல்ல மாட்டார்கள். அவருடைய அம்மா பால்கனியில் நின்றபடி, லாரி எந்த முனையில் திரும்புகிறது என்பதை வைத்தே எந்தத் தெருவில் இன்று வரிசை நிற்கும் என்று சொல்லிவிடுவாராம். குடத்தோடு இவரை ஓடச் சொல்வாராம். இந்த வேலையில் சேர்ந்த புதிதில் அதை ஞாபகம் வைத்துக்கொண்டு ஒரு சின்னப் பகுதி எழுதியிருக்கிறார். துறைமுகம் இல்லாத வெறும் கடலுக்கு எண்ணெய்க் கப்பல் போவதைப் பார்த்தால், அங்கே எண்ணெய் குடிக்கிற எதுவோ இருக்கிறது என்று எடுத்துக்கொள். அந்தப் பகுதிக்கு அவர் வைத்த பெயரே லாரி. அப்போது ஜப்பானின் வேவு விமானங்கள் அரைக் குருடு. எண்ணெய்க் கப்பல் எதுவும் அவற்றின் கண்ணில் படவில்லை. அதனால் அந்தப் பகுதி ஒரு நாளும் வேலை செய்யவில்லை. அவரும் மறந்துவிட்டார். பிறகு வேவு விமானங்களின் பார்வையைச் சரி செய்தார். அது தானாக உயிர் பிடித்துக்கொண்டது.

சார் எல்லாவற்றையும் வந்தவரிடம் இங்கிலீஷில் சொன்னார். நடுவில் தன் நெஞ்சில் கை வைத்து ஏதோ சொன்னார். எங்கள் மொழியில் பார்ப்பதற்கும் அறிவதற்கும் ஒரே சொல், அனுப்பியதில் தவறு என்னுடையது, இந்தப் பையனுடையது இல்லை என்று சொன்னாராம். வந்தவர் அந்தச் சொல் என்ன என்று கேட்டு வாங்கி ஒரு முறை சொல்லிப் பார்த்தார். பிறகு திரையைக் காட்டினார். பேச்சு போதும், காட்டு.

எண்ணெய்க் கப்பல்களைத் துறைமுகத்திலேயே நிறுத்தி வைத்தேன். படையை மட்டும் அதே இடத்தில் ஒளித்தேன். நாள் நாளாக நகர்த்தினேன். ஒவ்வொரு நாளும் மூட்டம் கலையும் அந்த நொடியில் எல்லோரும் திரையை நோக்கிக் குனிந்தோம். சிவப்புக் குறி வடக்கே வந்தது. தீவுப் பக்கம் திரும்பியது. என்னைத் தேடி வரவில்லை. அடுத்து, எண்ணெய்க் கப்பல்களை மட்டும் யாருமில்லாத தென்கடலுக்கு அனுப்பினேன். ஜப்பான் படை முழுசாக அங்கே போய், வெறும் தண்ணீரில் சுற்றி வந்தது.

வந்தவர் எழுந்து முரளிக்குக் கை கொடுத்தார். முரளி கையைப் பேன்ட்டில் துடைத்துவிட்டுக் கொடுத்தார். முதலாளி அறையை விட்டு வெளியே வந்தார். அப்போதுதான் ஃபேன் ஓடுகிற சத்தமே எனக்குக் கேட்டது.

அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வந்தவர் தானும் ஒரு ஆட்டம் ஆடிப் பார்க்கிறேன் என்றார். என் நாற்காலியைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றேன். நன்றாக ஆடினார். நேரம் போகப் போக அந்த அறையையும் எங்களையும் மறந்துவிட்டார். தன் படையை ஓர் ஓரத்தில் அழகாக ஒளித்து வைத்தார். எண்ணெய் குறைந்தது. எண்ணெய்க் கப்பல்களைக் கூப்பிட்டார். தேசிங்கு என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். ஜப்பான் வந்தது. அவருடைய விமானம் தாங்கிக் கப்பல்கள் ஒன்றுவிடாமல் மூழ்கின.

அவர் மேசையில் ஓங்கித் தட்டி ஒரு வார்த்தை சொன்னார். அந்த இங்கிலீஷ் எனக்கே புரிந்தது. ஏமாற்று.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது. பிறகு சாரிடம் நீளமாக, தணிந்த குரலில் பேசினார். சார் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, அவர் சொன்னதை அப்படியே எங்களுக்குச் சொன்னார். இது நேர்மையாகத்தான் ஆடுகிறது. காலையிலிருந்து நடந்ததையெல்லாம் பார்த்த எனக்கே அந்த வார்த்தைதான் வாயில் வந்தது. கடையில் வாங்கி வீட்டில் ஆடுகிறவனுக்கு யார் விளக்குவார்கள்? ஏமாற்றாது என்று பெட்டியில் போட்டிருக்கிறோம். அவன் நம்பப் போவதில்லை. அந்தப் பகுதியை எடுத்துவிடுங்கள். எடுத்துவிட்டால் யாரையும் விலக்க வேண்டியதில்லை.

"உங்க எண்ணெய்க் கப்பலை எதிரி பாத்துட்டான்னு திரையில ஒரு வரி காட்டிட்டா போதுமே சார்" என்றார் முரளி. "அப்ப அவங்களுக்கே புரிஞ்சிடும்."

சார் அதை வந்தவரிடம் இங்கிலீஷில் கேட்டார். ஒரு முறை இல்லை, வேறு வேறு விதமாகக் கேட்டார். திரையில் வரும் எழுத்தெல்லாம் பல மொழிகளில் முடிந்து அச்சுக்குப் போய்விட்டது, இனி ஒரு வரிகூடச் சேர்க்க முடியாது என்று பதில் வந்தது. வந்தவருக்கே அது பிடிக்கவில்லை என்பது முகத்தில் இருந்தது. ஆனால் மாற்றிச் சொல்லவில்லை.

முரளி தன் மேசைக்குப் போனார். அதிக நேரம் ஆகவில்லை. எழுத எவ்வளவு நாள் ஆயிற்றோ, எடுக்கச் சீக்கிரம் முடிந்துவிட்டது. "அக்கா, போயிடுச்சான்னு பாத்துச் சொல்லுங்க" என்றார்.

அந்தச் சிக்கல் முதன்முதலில் வந்த அதே ஆட்டத்தைத் திறந்தேன். எண்ணெய்க் கப்பல்களை முன்னால் அனுப்பினேன். வேண்டுமென்றே ஜப்பான் துறைமுகத்தின் வாசலை ஒட்டியே போகவிட்டேன். அதன் வேவு விமானம் அவற்றின் மேல் பறந்தது. நன்றாகப் பார்த்தது. படையை ஒளித்து வைத்துக் காத்திருந்தேன். முரளி என் பின்னால் நின்றார். சாரும் நின்றார். சிவப்புக் குறி வடக்கே வந்தது. அங்கேயே ஒரு நாள் நின்ற மாதிரி இருந்தது. திரும்பிவிடாதா என்று நான் காத்திருந்தேன். பிறகு என்னைக் கடந்து தீவுப் பக்கம் போனது. முதுகைக் காட்டிக்கொண்டு போனது. நான் பக்கவாட்டில் பாய்ந்தேன்.

ஒரே நாளில் ஜப்பானின் பெரிய படை முழுக்க மூழ்கியது. அந்த ஆட்டத்தில் அப்படி ஒரு வெற்றி எனக்கு அதற்கு முன் கிடைத்ததில்லை. திரையில் பதக்கம் வந்தது. காதில் மாட்டியிருந்த ஹெட்போனில் பேண்டு வாத்தியம் முழங்கியது. வேறு யாருக்கும் அது கேட்கவில்லை.

கழற்றி வைத்தேன்.

"வரல தம்பி" என்றேன்.

"சரிக்கா" என்றார் முரளி. கொஞ்சம் நின்றார். "எழுதிடுங்க."

இன்னும் இரண்டு முறை ஆட வேண்டியிருந்தது. ஆடினேன். இரண்டு முறையும் வரவில்லை. குறிப்பிட்ட பிழை சரி செய்யப்பட்டது என்று எழுதிக் கொடுத்தேன். சார் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு பிழை என்ற சொல்லை வெகு நேரம் பார்த்தார். வட்டம் போடாமல் அனுப்பிவிட்டார்.